அழகு பார்ப்பது யார்?

கோகுலாஷ்டமி வந்தால் தெருவுக்கு நாலு கிருஷ்ணர் முளைத்துவிடுவார்கள். முகமெல்லாம் நீலம், தலையில் அட்டைக் கிரீடம், இடுப்பில் ஜரிகைத் துணி, கையில் பிளாஸ்டிக் புல்லாங்குழல். ப்ளே ஸ்கூல் மாறுவேடப் போட்டி என்றால் பாரதியார், காந்தி, ஔவையார், ஜான்சி ராணி. எல்லோருக்கும் வயசு இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று.

இவர்களில் சிரித்த முகத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிருஷ்ணர் மூக்கு ஒழுக அழுதுகொண்டிருப்பார். ‘பசி போல’, ‘தூக்கம் வந்திடுச்சு’, ‘கூட்டத்தைப் பார்த்து மிரண்டுட்டான்’ என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். கிரீடம் குத்துது என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய ஆளுக்கு இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லையே!

‘குழந்தைக்கு வேஷம் போட்டு அழகு பார்த்தோம்’ என்கிறோம் அல்லவா? பள்ளிக்கூட இலக்கணத்தைக் கொஞ்சம் தூசி தட்டி அந்த வாக்கியத்தைப் பாருங்கள். எழுவாய், நாம். போட்டதும் நாம், பார்த்ததும் நாம். குழந்தை நான்காம் வேற்றுமையில் ஓரமாக நிற்கிறது. அரிப்பும் வியர்வையும் மட்டும் அதன் பங்கு.

‘ஏன் சார், பெத்தவங்களுக்கு அந்தச் சந்தோஷம்கூட இருக்கக் கூடாதா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தாராளமாக இருக்கலாம். இம்மானுவேல் கான்ட் என்ற ஜெர்மானியத் தத்துவ ஞானி 1785-ல் ஒரு விதி எழுதி வைத்தார். எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்பது அதன் சாரம். அதில் ‘மட்டும்’ முக்கியம். குழந்தையால் நாம் சந்தோஷப்படுவதில் தப்பே இல்லை. நம் சந்தோஷத்துக்காக மட்டும் அது கஷ்டப்படும்போதுதான் சிக்கல்.

தடுப்பூசி போடும்போதும்தான் குழந்தை கதறுகிறது. கையைக் காலைப் பிடித்துக்கொண்டு போடுகிறோம். அந்த அழுகையை மீறுவதற்கு நம்மிடம் ஒரு நியாயம் இருக்கிறது. அந்த வலியால் வரும் நன்மை குழந்தைக்கே போய்ச் சேருகிறது. வேஷத்துக்கு அந்த நியாயம் செல்லாது. மாறுவேடப் போட்டியில் ஜெயிக்காவிட்டால் எந்தக் குழந்தைக்கும் அம்மை வந்துவிடாது.

மகாத்மா காந்தி மதுரையில் 1921 செப்டம்பரில் அரையாடைக்கு மாறினார். பல நாள் யோசித்து அவரே எடுத்த முடிவு. நம் வீட்டுக் குட்டிக் காந்தி, தலையை இறுக்கும் ரப்பர் மொட்டையை யோசித்தா மாட்டிக்கொண்டார்?

உடம்புக் கஷ்டம் இருக்கட்டும், உள்ளே என்ன நடக்கிறது? அமெரிக்காவில் பியூலா ஆம்ஸ்டர்டாம் என்ற உளவியலாளர் 1972-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். குழந்தையின் மூக்கில் அதற்குத் தெரியாமல் சாயம் தடவிக் கண்ணாடி முன்னால் விட்டார்கள். கண்ணாடியில் தெரிவது தன் முகம்தான் என்று புரிந்துகொண்டு சொந்த மூக்கைத் தொடும் பக்குவம், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயசிலிருந்து இரண்டு வயசுக்குள்தான் வருகிறது.

அதற்கு முன்பே, 1969-ல், ரீட்டா டிவ்ரீஸ் என்பவர் ஒரு சாதுவான பூனைக்கு நாய் முகமூடி மாட்டிக் குழந்தைகளிடம் காட்டினார். மூன்று வயசுக் குழந்தைகள் பலர், பூனை நிஜமாகவே நாயாகிவிட்டது என்று நம்பினார்கள். ஆறு வயசுக்காரர்கள் ஏமாறவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ‘இதுதான் நான்’ என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிற ஜீவன் அது. அதன் முகத்தை நீலமாக்கி, மீசை ஒட்டி, ‘பாருடா, யாரு இது?’ என்று கண்ணாடி முன் நிறுத்துகிறோம். நமக்கு அது வேஷம். அதற்கு, தன்னையே காணோம்! அழாமல் என்ன செய்யும்?

அப்படியானால் வேஷமே வேண்டாமா? யார் சொன்னது? அப்பா செருப்பில் கால் நுழைத்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடக்கிறதே, அந்த வேஷம் அதன் சொந்தத் தயாரிப்பு. போடுவதும் அதுவே, கழற்றுவதும் அதுவே. நாம் போட்டுவிடும் வேஷமும் அதற்குக் கிட்டே வந்தால் நல்லது.

பழகிய பருத்தித் துணியில் மஞ்சள் வேட்டி போதும். நைலானும் பாலியஸ்டரும் வியர்வையை உறிஞ்சாது. விளக்குத் தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பண்டிகை நாளில் தரையெல்லாம் அகல் என்பதை மறக்க வேண்டாம். முகம் முழுக்கச் சாயம் எதற்கு? நெற்றியில் ஒரு நாமம், ஒற்றை மயிலிறகு... கிருஷ்ணர் வந்துவிடுவார். கழுத்தில் இறுகும் கயிறு, வாய்க்குப் போகக்கூடிய மணி, கண்ணை மறைக்கும் முகமூடி மூன்றும் கூடாது. மினுக்மினுக் என்று எரியும் கிரீடமும் வேண்டாம். அதிலுள்ள பட்டன் பேட்டரியை விழுங்கி, அது உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும்.

முக்கியமாக, முதல் நாளே வீட்டில் பத்து நிமிஷம் போட்டுப் பாருங்கள். உட்கார்ந்து, ஓடி, சாப்பிட்டுப் பார்க்கட்டும். பிய்த்து எறிந்தால் அது அடம் இல்லை, பதில். பேச்சு வராதவர்கள் கையால்தான் ‘வேண்டாம்’ சொல்வார்கள். அந்தப் பதிலை மதிக்கும் வீட்டில் வளர்கிற குழந்தை, ‘நான் வேண்டாம்னு சொன்னா கேட்பாங்க’ என்று தெரிந்துகொள்கிறது. வெளியில் யாராவது தன்னிடம் அத்துமீறும் நாளில் அதற்கு அந்தத் தைரியம் தேவைப்படும்.

பெரியாழ்வார் பாசுரங்களில் யசோதை கண்ணனைக் குளிக்கக் கூப்பிடுகிறாள். அவன் பிடிகொடுக்கவில்லை. அப்பம், சிற்றுண்டி எல்லாம் செய்து வைத்திருப்பதாக ஆசை காட்டிக் கெஞ்சுகிறாள். நிஜக் கண்ணனுக்கே அவ்வளவு செல்லம் கிடைத்திருக்கிறது. நம் வீட்டுக் கண்ணன் கிரீடத்தைக் கழற்றினால், கழற்றிக்கொள்ளட்டும். கையில் கொஞ்சம் வெண்ணெய் கொடுத்துவிட்டு அப்புறம் போட்டோ எடுங்கள்!