ஒன்றரை முழம்

பட்டன் உள்ளே போகிறது. வெளியே வருகிறது.
கார் அப்படியே நிற்கிறது.

*

உதகையில் ஜனவரி. முன்கண்ணாடி முழுக்க உறைபனி. தைல மரங்களின் உச்சியில் மட்டும் கொஞ்சம் வெயில்.

இன்னும் பலமாக அழுத்தினால் திறக்கும் என்று ஓர் எண்ணம் வருகிறது. விரல் பலத்துக்கும் சாவி அனுப்பும் அலைக்கும் தொடர்பில்லை. தெரிந்தும் நகக்கண் வெளுக்கிறது.

*

சாவியின் தலையில் கடுகளவு சிவப்பு விளக்கு. உள்ளங்கையைக் குவித்து, இருட்டாக்கிப் பார்க்கிறேன்.
எரிகிறது. மங்கல்.
அடுத்த அழுத்தலில் இல்லை.

*

பட்டனுக்கும் கதவுக்கும் நடுவே என்னவெல்லாமோ இருக்கின்றன. ரப்பர். ரப்பருக்கு அடியில் சுவிட்ச். பேட்டரி. பேட்டரியைத் தொடும் தகடு. காற்று. காருக்குள் எங்கோ ஒரு ரிசீவர். அதற்குச் சோறு போடும் கார் பேட்டரி.

எங்கே நின்றுபோனது என்று வெளியிலிருந்து தெரியவில்லை.

*

அலை கண்ணுக்குப் படாது.

இங்கே ஓடும் பல கார்களின் சாவிகள் 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. அமெரிக்காவில் பெரும்பாலும் 315. முந்தையதில் ஓர் அலையின் நீளம் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர். பூக்காரம்மா கையில் ஒன்றரை முழம்.

மடித்தால் உள்ளங்கைக்குள் மறையும் சாவி. அதிலிருந்து ஒன்றரை முழம், ஒன்றரை முழமாக.

கதவு திறந்தால், போய்ச் சேர்ந்தது. திறக்காவிட்டால், போனதா என்பதே தெரியாது.

*

தாடைக்கு அடியில் சாவியை வைத்து அழுத்தினால் சற்றுத் தூரம் கூடும். தலைக்குள் இருக்கும் நீரும் அலையை அனுப்பச் சேர்ந்துகொள்கிறது.

தாடையில் பிளாஸ்டிக் சில்லென்று இருக்கிறது.
அழுத்துகிறேன்.
தலைக்குள் ஒன்றும் தெரியவில்லை. காரிலும் ஒன்றும் இல்லை.

*

மடிந்திருந்த இரும்பு வெளியே துள்ளுகிறது.

கதவின் துளை இறுகியிருக்கிறது. சாவி பாதியில் நிற்கிறது. பிறகு போகிறது. திரும்புகிறது.

உள்ளே கூரை விளக்கு நல்ல வெளிச்சமாக எரிகிறது. அப்படியானால் காரின் 12 வோல்ட் பேட்டரி சரியாக இருக்கிறது. ஒன்று கழிந்தது.

*

சீட் ஈரம்போல் குளிர்கிறது. ஈரமில்லை.

*

சாவியின் தலைக்குள் ஒரு சில்லும் உண்டு. அதற்குப் பேட்டரி கிடையாது. சாவி போடும் துவாரத்தைச் சுற்றி ஒரு கம்பிச்சுருள். அது 125 கிலோஹெர்ட்ஸில் சில்லுக்கு மின்சாரம் ஊட்டுகிறது. ஊட்டியதும் சில்லு தன் அடையாளத்தைச் சொல்கிறது. சொன்னது சரியென்றால்தான் இஞ்சின் எழும்.

டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைகிறது. இஞ்சின் எழுகிறது.

தூரத்திலிருந்து கூப்பிட முடியாத சாவியை, தொட்டால் கார் அடையாளம் கண்டுகொள்கிறது.

*

ஹீட்டர் காற்று. கண்ணாடியில் பனி விளிம்பிலிருந்து கரைகிறது. வைப்பர் போடவில்லை. அவசரமில்லை.

*

குளிரில் பட்டன் பேட்டரிக்குள் வேதிவினை மந்தமாகிறது. உள்தடை கூடுகிறது. தெம்புள்ள பேட்டரி தாங்கிக்கொள்ளும். தேய்ந்தது தடுமாறும்.

சாவியை முஷ்டிக்குள் மூடி வைக்கிறேன். பிளாஸ்டிக்கின் குளிர் முதலில் கைக்கு வருகிறது. பிறகு கையின் சூடு அதற்குப் போகிறது. எந்த நொடியில் மாறியது என்று கவனிக்கப் பார்க்கிறேன். பிடிபடவில்லை.

அழுத்துகிறேன். நான்கு கதவும் டக்.

சந்தோஷம் வருகிறது.
மறுபடி அழுத்துகிறேன். இல்லை.
சந்தோஷம் போகிறது. அது போவதும் தெரிகிறது.

*

கமர்ஷியல் சாலை. கடிகாரக் கடையின் ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது. பக்கத்தில் டீ கொதிக்கும் வாசனை.

*

சாவியின் விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம். ஒரு ரூபாய் நாணயத்தை அதில் வைத்துக் கடைக்காரர் மெல்லத் திருகுகிறார். உடைந்ததோ என்று தோன்றும் ஒரு சத்தம்.

உடையவில்லை. இரண்டு பாதிகள்.

உள்ளே, ரப்பரின் ஓரத்தில், பழைய தூசு. சட்டைப் பையின் நூலிழை ஒன்று.

*

சிஆர் 2032.

20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். எண்ணிலேயே அளவு இருக்கிறது. சிஆர் 2025-ம் அதே அகலம், கனம் மட்டும் 2.5. மாற்றிப் போட்டால் உட்காரும். ஆனால் தகட்டைச் சரியாகத் தொடாமல் போகலாம்.

பெயர் எழுதிய பக்கம் பிளஸ். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கடைக்காரர் ஒரு கணம் பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறார்.

*

மல்டிமீட்டரின் முனைகள் தொடுகின்றன.
2.71.

புதியது 3.24 காட்டுகிறது.

முன்னது ஓய்வில் இருக்கும் பேட்டரியின் எண். வேலை கொடுத்தால் இன்னும் தாழும்.

லித்தியம் பேட்டரி வெகுகாலம் 3 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். கடைசியில் சட்டென்று விழும். விழுவதற்கு முந்தைய நாளும் மற்ற நாட்களைப் போலவே திறந்திருக்கும்.

*

ஓரத்தைப் பிடித்துத்தான் வைக்கிறார். நடுவில் விரல் பட்டால் எண்ணெய்ப் பசை ஒட்டும்.

தகட்டின் நுனியில் வெள்ளையாக ஏதோ. ஸ்பிரிட் தொட்ட பஞ்சு. ஸ்பிரிட்டின் வாசனை மூக்கில் ஏறி, அடங்குகிறது.

தகட்டை நகத்தால் மயிரிழை நிமிர்த்துகிறார்.

*

சில பட்டன் பேட்டரிகளின் மேல் கசப்புப் பூச்சு உண்டு. வாயில் போட்ட குழந்தை துப்பிவிட வேண்டும் என்று. உள்ளே போனால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுப் புண்ணாக்கிவிடக்கூடும்.

அந்தக் கசப்பே சில சாவிகளில் தகட்டுக்கும் பேட்டரிக்கும் இடையே நின்றுவிடுகிறது. அப்போது புதிய பேட்டரியும் செத்ததாகத் தெரியும்.

பழையதன் இரண்டு முகத்திலும் டேப் ஒட்டுகிறார். ஒரு டப்பாவுக்குள் போடுகிறார். டப்பாவில் நிறைய இருக்கின்றன.

*

ஒவ்வோர் அழுத்தலிலும் சாவி தன் கணக்கில் ஓர் எண் முன்னே போகிறது. கேட்ட எண்ணைக் கார் மறுபடி ஏற்பதில்லை. யாராவது காற்றில் பிடித்து வைத்துக்கொண்டாலும் அது கழிந்த எண்.

1980-களில் தென்னாப்பிரிக்காவில் உருவான கீலாக் என்ற முறை இந்த வகை. சட்டைப் பையில் தானாக அழுந்தினாலும் சாவி எண்ணிக்கொள்ளும். தூரத்தில் நிற்கும் காருக்கு அது தெரியாது. பொதுவாக, 16 எண் வரை முந்தியிருந்தால் கார் ஏற்கும். அதற்கும் மேல் 32,768 வரை என்றால், அடுத்தடுத்து இரண்டு எண் கேட்ட பிறகே ஏற்கும்.

ஏற்றதும் தன் கணக்கை விட்டுவிட்டுச் சாவியின் கணக்குக்கு வந்துவிடும்.

*

சில கார்களில் பேட்டரி மாற்றியதும் சாவியைத் துவாரத்தில் ஆன் வரை திருப்பி, பூட்டும் பட்டனைச் சில நொடி பிடித்திருக்க வேண்டும். சிலவற்றில் ஒன்றும் வேண்டாம்.

இந்த நொடியில் சாவியின் எண் என்ன, காரின் எண் என்ன. இரண்டும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

*

இரண்டு பாதிகள் சேர்கின்றன. சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தம்.

கார் சாலைக்கு எதிர்ப்புறம். நடுவில் ஒரு பஸ் போகிறது. பஸ் போகும்வரை காத்திருக்கிறேன். காத்திருக்கத் தேவையில்லை. அலை பஸ்ஸைச் சுற்றியும் போகும்.

பூட்டும் பட்டன். இண்டிகேட்டர் மின்னுகிறது.
திறக்கும் பட்டன். இல்லை.
பூட்டும் பட்டன். சிவப்பு விளக்கு பளிச்சென்று.
திறக்கும் பட்டன். விளக்கே இல்லை.

*

திறந்த பூட்டின் படம் அச்சிட்ட ரப்பர். படம் அழிந்து ஒரு வளைவு மட்டும் மிச்சம். நடுவில் லேசான குழி. பக்கத்துப் பட்டனில் படம் முழுதாக இருக்கிறது.

அழுத்தினால் ஒன்றில் சின்ன க்ளிக் விரலுக்குத் தெரிகிறது. மற்றதில் மெத்தென்று போகிறது.

இது காலையிலும் இப்படித்தான் இருந்ததா? குளிரா, பேட்டரியா, இதுவா? மூன்றுமா?

எண்ணம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிறது. நிற்க இடமில்லாமல் திரும்புகிறது.

*

கடைக்காரர் பட்டனைக் காதருகே வைத்து அழுத்திப் பார்க்கிறார்.

"அடியில சுவிட்ச் தேஞ்சிருக்கு. பக்கத்து மொபைல் கடையில ஈயம் வெச்சு மாத்திக் குடுப்பாங்க. பதினோரு மணிக்கு மேலதான் தொறப்பாங்க."

சாவியைத் திருப்பித் தருகிறார்.

"இல்ல, அப்படியே வெச்சிருக்கறவங்களும் இருக்காங்க."