வீங்காத கால்கள்

அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தபோது, சபையிலிருந்து ஜெபிக்க வந்த பெரியவர் ஒருவர் கிளம்பும் நேரத்தில், "கர்த்தர் சிட்சிக்கிறார்ம்மா, பொறுத்துக்கோங்க" என்றார். வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்தவர். அன்பில்லாதவர் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இரவு விளக்கை அணைத்த பிறகு, "நான் என்னடா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தச் சொல் என்னை விடவேயில்லை. சிட்சை என்றதும் நம் காதில் பிரம்பின் ஓசைதான் விழுகிறது. ஆனால் சங்கீத வித்துவான்களைப் பற்றிச் சொல்லும்போது, இன்னாரிடம் சிட்சை பெற்றார் என்கிறோம். கற்பதும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. எபிரெயர் நிருபம் 12ஆம் அதிகாரத்தில் அந்த இடத்தில் நிற்கும் கிரேக்கச் சொல் 'பைதேயா'. பிள்ளையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது; வளர்த்து ஆளாக்குவது என்று பொருள். அந்த நிருபத்தை வாசித்தவர்கள் குற்றம் செய்து அகப்பட்டவர்களும் அல்ல. விசுவாசத்துக்காக அவமானப்பட்டவர்கள், உடைமைகளைப் பறிகொடுத்தவர்கள். எழுதியவரும் 'நாம்' என்று தன்னையும் சேர்த்துக்கொண்டே பேசுகிறார்.

யார் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை. 119ஆம் சங்கீதத்தில் சங்கீதக்காரன் உபத்திரவப்பட்டது நல்லது என்று பாடுவது தன் உபத்திரவத்தைப் பற்றி. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகத்தான் இருந்தார்கள். பட்டவர் தன் வாயால் சொல்ல வேண்டிய சொல்லை நாம் முந்திக்கொண்டு சொல்லும்போது, மருந்து கல்லாகிவிடுகிறது.

தப்புக்காகவே வந்த சிட்சையும் வேதத்தில் உண்டு. கானானை 40 நாள் சுற்றிப் பார்த்துவந்த 12 பேரில் 10 பேர் ஜனத்தைக் கலங்கடித்தார்கள். ஜனமும் எகிப்துக்கே திரும்புவோம் என்றது. நாளுக்கு ஒரு வருஷமாக 40 வருஷம் வனாந்தரம் என்று தீர்ப்பானது. அந்தக் காலத்தைத் திரும்பிப் பார்க்கும் மோசே, உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் இரண்டு காரியங்களை நினைவூட்டுகிறார்: உடுத்திய துணி நைந்து போகவில்லை, கால் வீங்கவில்லை. அடுத்த மூச்சிலேயே, தகப்பன் மகனைச் சிட்சிப்பதுபோல என்கிறார். எத்தனையோ தடவை அவசரமாகக் கடந்துபோன இடம். அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து வாசித்தபோதுதான் நின்றேன். தீர்ப்புச் சொன்னவருக்கு நடப்பவனின் கால்மேல் என்ன அக்கறை? சிறைக்காவலன் கைதியின் கணுக்காலைப் பார்ப்பதில்லையே. பெற்றவன் பார்ப்பான்.

அந்த 40 வருஷமும் கர்த்தரின் மேகம் பாளயத்தை விட்டு விலகவில்லை. மன்னாவும் நிற்கவில்லை. கூடாரங்களில் கிடந்த ஜனத்தின் நடுவே அவரும் ஒரு கூடாரத்தில்தான் இருந்தார். கேதுருமர வீட்டில் குடியிருந்த தாவீது அவருக்கு ஓர் ஆலயம் கட்ட ஆசைப்பட்டபோது, இவர்களை எகிப்திலிருந்து அழைத்துவந்த நாள் முதல் நான் எந்த வீட்டிலும் இருந்ததில்லை என்று நாத்தான் மூலம் சொல்லி அனுப்புகிறார். வனாந்தரத்தை விதித்தவர் அந்த வனாந்தரத்தின் ஒரு நாளைக்கூட அவர்களைத் தனியே கழிக்க விடவில்லை. பாவமே அறியாத குமாரனும் வேதனையின் வழியேதான் கீழ்ப்படிதலைக் கற்றார் என்று எபிரெயர் நிருபம் துணிந்து சொல்கிறது. பிள்ளைகள் நடக்கிற பாதையில் மூத்தவருக்கும் விலக்கில்லை.

அம்மாவை நடக்கப் பழக்க ஒரு பிசியோதெரபி பெண் வந்தாள். முதல் நாள் அம்மா வலியில் அலறினாள். போதும் விட்டுவிடுங்கள் என்று நானே சொன்னேன், அவள் கேட்கவில்லை. வாக்கரைப் பிடித்து அம்மா ஓரடி எடுத்துவைக்க, அந்தப் பெண் அம்மாவின் முகத்தையே பார்த்தபடி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, பின்னோக்கி ஓரடி வைத்தாள். அப்படியே கதவுவரை. முடிந்ததும் தரையில் உட்கார்ந்து அம்மாவின் பாதத்தை மடியில் எடுத்துவைத்து, நீர் கோத்திருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பார்த்தாள்.

சில மாதம் கழித்து அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். அம்மா வாக்கரை ஊன்றி வாசல்வரை நடந்துபோய் அவரை வழியனுப்பினாள்.

"நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதான்யா, சிட்சைதான்" என்றாள். "ஒரு ராத்திரிகூட அவர் என்னைத் தனியா விடலை."