தக்கையும் கண்ணோட்டமும்

அறத்தைப் பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் பெருஞ் செயல்களையே எடுத்துக்காட்டாகக் கொள்வர். பிறர் உயிரைக் காக்கத் தன்னுயிரைக் கொடுத்தவன், அரியணையைத் துறந்தவன், கொண்ட கொள்கைக்காக நஞ்சுண்டவன் ஆகியோரே அறநூல்களின் பக்கங்களை நிறைக்கின்றனர். ஆயின், மனிதரிடையே நாள்தோறும் நிகழும் நற்செயல்களுட் பெரும்பாலானவை பெயரற்றவை. செய்தவனும் பெற்றவனும் மறுநாளே மறந்துவிடுபவை. இத்தகைய சிறு செயல்களை அறமெனக் கொள்ளலாமா? அன்றி, அவை வெறும் பழக்கமா, மறைமுகமான பயன்நோக்கா? பாறைமேல் நின்று தக்கை கட்டித் தூண்டில் போடுவோரிடையே காணப்படும் பரிவை முன்வைத்து இவ்வினாவை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது கிழக்குக் கரையிலே மணற்பரப்பைப் பாறைகள் இடைமறிக்கும் இடங்கள் பல உள. திருகோணமலை நகரைச் சூழ்ந்த கரை அவற்றுட் சிறந்ததோர் உதாரணம். வடகீழ்ப் பருவக்காற்று ஓய்ந்து கடல் தணிந்த மாதங்களில், மாலை வேளைகளில், இப்பாறைகளிலே தூண்டிற்காரர் பலரைக் காணலாம். எழுதுவினைஞர், மேசன், முச்சக்கர வண்டிச் சாரதி, ஓய்வுபெற்ற ஆசிரியர், பள்ளிச் சிறுவர் எனப் பல திறத்தாரும் அவருள் அடங்குவர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்னும் மூவினத்தவரும் அடங்குவர். இவர்கள் கடற்றொழிலை வாழ்வாகக் கொண்டோரல்லர். கறிக்கு நாலு மீன் கிடைத்தால் மகிழ்வோர். கிடைக்காவிடினும் மறுநாள் வருவோர்.

தக்கைத் தூண்டிலின் அமைப்பு எளிமையானது. தடியிலிருந்து செல்லும் தங்கூசியிலே ஒரு மிதப்பைக் கட்டுவர். கடையில் வாங்கிய வண்ணத் தக்கையாக அது இருக்கலாம். கரையொதுங்கிய றெஜிபோம் துண்டாகவும் இருக்கலாம். அதன் கீழே சிறு ஈயக்குண்டும், அதற்கும் கீழே கொளுக்கியும் இரையும் தொங்கும். மிதப்புக்கும் கொளுக்கிக்கும் இடையேயுள்ள நீளமே இரை நிற்கும் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. ஆழம் கூடினால் கொளுக்கி பாறையிற் சிக்கும். குறைந்தால் மீன் உலவும் மட்டத்துக்கு மேலே இரை வீணே மிதக்கும். சரியான ஆழம் எதுவென்பதை எந்த நூலும் கூறாது. அந்தப் பாறையிலே பல காலம் நின்றவனே அதனை அறிவான்.

அவன் அதனைப் புதிதாய் வந்தவனுக்குக் கூறிவிடுகிறான் என்பதே நமது ஆராய்ச்சிக்குரிய முதற் செய்தி. "இன்னும் ஒரு முழம் இறக்கும் தம்பி" என்ற ஒரு சொல்லிலே பல ஆண்டு அனுபவம் கைமாறிவிடுகிறது. இரை தீர்ந்தவனுக்குப் பக்கத்திலிருப்பவன் தன் பேணியிலிருந்து நாலு இறாலை எடுத்துக் கொடுக்கிறான். ஒருவன் தூண்டிலிற் பெரிய பாரை பட்டுவிட்டால், அயலில் நிற்போர் தம் தங்கூசிகளைச் சுருட்டி அவனுக்கு வழிவிடுகின்றனர். ஒருவன் அத்தாங்கோடு கீழ்ப்பாறைக்கு இறங்குகிறான். ஓராவைப் பிடித்த சிறுவன் அதனைக் கையால் பற்றப்போகும்போது, "தொடாதை, முள் விஷம்" என்று ஒரு குரல் தடுக்கிறது. ஓராவின் செட்டை முட்களில் நஞ்சுண்டு. குத்தினால் கடுமையாக வலிக்கும். கடலுக்கு முதுகு காட்டி நிற்கக்கூடாது, பாசி படிந்த பாறையிற் காலூன்றக்கூடாது, பேரலை வருமுன் கடல் சற்று அடங்கியதுபோலத் தோன்றுவதுண்டு என்பனவெல்லாம் இவ்வாறே ஒருவர் வாயால் மற்றொருவர் செவிக்குச் செல்லும் பாடங்கள். இவற்றுக்குக் கட்டணமுமில்லை, நன்றியுரையும் பெரும்பாலும் இல்லை.

இதனைப் பயன்நோக்கு என்று விளக்குவோர் உளர். டேவிட் ஹியூம், மனித இயல்பு பற்றி 1739, 1740ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தமது நூலிலே, ஒரு தோணியில் துடுப்பு வலிக்கும் இருவரை உதாரணமாகக் காட்டுகிறார். அவ்விருவரும் ஒருவருக்கொருவர் வாக்குறுதி எதுவும் அளிக்கவில்லை. ஆயினும் இசைந்து வலிக்கின்றனர். இருவரும் வலித்தாலன்றித் தோணி நகராது என்பதை இருவரும் அறிவர். இந்த விளக்கத்தின்படி, இன்று நான் உனக்கு அத்தாங்கு பிடிப்பது நாளை நீ எனக்குப் பிடிப்பாய் என்ற எதிர்பார்ப்பினாலேயாம். பாறையில் நிகழ்வனவற்றுட் பலவற்றை இது விளக்கிவிடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின், வெளியூரிலிருந்து வந்து ஒரு மாலை மட்டும் நின்றுவிட்டுப் போகும் அந்நியனுக்கும் ஆழம் கூறப்படுகிறது, இரை கொடுக்கப்படுகிறது. அவன் திரும்பி வரமாட்டான் என்பது கொடுப்பவனுக்குத் தெரியும். தோணியிலிருந்து இறங்கிப் போய்விடுபவனுக்காகவும் ஒருவன் துடுப்பு வலிப்பானாயின், அதனை ஹியூமின் உதாரணத்துள் அடக்குதல் கடினமாகும்.

அது பழக்கமே என்று கூறுவோரும் உளர். மூத்தோர் செய்ததைக் கண்டு இளையோர் செய்கின்றனர். இதில் அறம் எங்கேயுள்ளது என்பது அவர் வினா. இம்மானுவேல் கான்ற் 1785ஆம் ஆண்டு வெளியிட்ட அறவியல் நூலிலே இன்னும் கடுமையானதொரு நிலைப்பாட்டைக் காண்கிறோம். இயல்பான இரக்கத்தால் மட்டும் பிறருக்கு உதவுபவனின் செயல் பாராட்டத்தக்கதே. ஆயின், கடமையுணர்வினின்று பிறவாமையால் அதற்கு உண்மையான அறப்பெறுமானம் இல்லை என்பது அவர் முடிபு. இதனை ஏற்றுக்கொண்டால் பாறையில் அறமே இல்லையென்றாகிவிடும். அங்கு எவரும் கடமையைப் பற்றிச் சிந்திப்பதில்லை. அயலானின் தக்கை அமிழ்வதைக் கண்டதும் "இழு!" என்று வாய் தானாகக் கூவிவிடுகிறது; சிந்திப்பதற்கு அங்கு நேரமேது?

இந்தத் தன்னியல்பான கூவலிலேதான் வினாவுக்கான விடையின் ஒரு பகுதி உள்ளது என்று கருதுகிறேன். தக்கையில்லாமல் ஈயத்தைக் கட்டி அடியில் இடும் கைத்தூண்டிலிலே, மீன் கொத்துவதை விரல் மட்டுமே உணரும். அது அவனுக்கும் அவனது நூலுக்கும் இடையேயான தனிச் செய்தி. பக்கத்தில் நிற்பவனுக்கு அது தெரியாது. தக்கையோ நீர்மேல் நிற்கிறது. எல்லார் கண்ணுக்கும் அது தெரிகிறது. ஒருவனுடைய எதிர்பார்ப்பும் ஏமாற்றமும் நற்பேறும் அங்கு பொதுக்காட்சியாகிவிடுகின்றன. தன் தக்கையைப் பார்க்கப் பழகிய கண், பக்கத்திலுள்ள தக்கையையும் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்த பின்னர் வாளாவிருத்தலும் எளிதன்று. அயலானுடைய நலம் நம் கண்முன் ஊசலாடும்போது நாம் அதிற் பங்குகொண்டவராகிவிடுகிறோம்.

வள்ளுவர் இதற்குப் பொருத்தமான பெயரொன்றைத் தந்துள்ளார். திருக்குறளின் 58ஆம் அதிகாரம் கண்ணோட்டம் என்பதாகும். பழகியவரைக் கண்டவிடத்து அவர் வேண்டுவதை மறுக்க மாட்டாத இயல்பு என்ற கருத்திலே பரிமேலழகர் இதனை விளக்குவார். பரிவுக்குக் கண்ணின் பெயரால் அமைந்த ஒரு சொல் நம் மொழியில் இருப்பது தற்செயலன்று. பரிவு பார்வையைத் தொடர்ந்தே செல்கிறது என்ற உண்மையை அச்சொல் தன்னுள் வைத்திருக்கிறது. எனவே, பாறையில் நிலவும் பரிவைப் பயன்நோக்கு என்றோ பழக்கம் என்றோ ஒதுக்குதல் பொருந்தாது. அது கண்ணோட்டம், அறத்தின் தொடக்கம்.

ஆயின், தொடக்கம் முடிவாகிவிடாது. பரிவு பார்வையைத் தொடர்ந்து செல்வதாயின், பார்வை எட்டாத இடத்தில் அதன் நிலை என்ன என்ற வினா உடனே எழுகிறது. பாறைக் காட்சியைப் புகழ்ந்துவிட்டு இவ்வினாவைக் கைவிடுதல் நேர்மையாகாது.

முதலாவதாக, பாறையிலே எவருடைய அடுப்பும் அணைந்துவிடப் போவதில்லை. இழப்பதற்கு அதிகம் இல்லாதவிடத்துத் தாராளமாயிருத்தல் எளிது. வாழ்வே மீனில் தங்கியிருக்குமிடத்து நிலைமை வேறு. நமது தென்கரையிலுள்ள மாவெல்ல என்னும் கிராமத்தின் கரைவலைத் தொழிலை ஆராய்ந்து போல் அலெக்சாண்டர் 1982ஆம் ஆண்டு நூலொன்றை வெளியிட்டார். அங்கு எல்லா வலைகளையும் ஒரே வேளையில் வளைக்க இடமில்லை; ஆகவே முறைவைத்து வளைத்தனர். எவரும் எவருக்கும் அந்நியரல்லர். எல்லாரும் எல்லாரையும் கண்ணாரக் கண்டவர்களே. எனினும், மீனின் விலை ஏற, வலைகளின் தொகை தாங்கும் அளவை மீறிப் பெருகிற்று. வலையொன்றுக்குரிய வருவாய் குன்றிற்று. வலைகளைக் கட்டுப்படுத்த எழுந்த சட்டமும் செல்வாக்குடையோரின் முன்னே செயலிழந்தது. கண்ணோட்டம் மட்டும் போதுமாயிருப்பின் இவ்வாறு நேர்ந்திராது.

பொதுவளங்களின் ஆட்சி பற்றி 1990ஆம் ஆண்டு நூலெழுதி, 2009ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற எலினோர் ஒஸ்ரம், மாவெல்லவைத் தோல்விக்கு உதாரணமாகக் காட்டுகிறார். அதே நூலில் துருக்கியின் அலானியா என்னும் கடற்கரை வெற்றிக்கு உதாரணமாகிறது. அங்கு மீன்பிடிக்கும் இடங்களைப் பெயரிட்டு, திருவுளச்சீட்டு மூலம் பங்கிட்டு, நாள்தோறும் ஓர் இடம் தள்ளி மாறிச் செல்லும் முறையைத் தொழிலாளரே வகுத்துக்கொண்டனர். நல்ல இடமும் தீய இடமும் எல்லாருக்கும் மாறி மாறிக் கிடைத்தன. தன் முறைநாளில் தன் இடத்துக்கு வருபவன் அங்கே வேறொருவனைக் கண்டால் விட்டுவிடமாட்டான். ஆகவே கண்காணிப்பும் தொழிலாளர் கையிலேயே இருந்தது. பரிவு தளரும் வேளையிலும் தளராது நிற்பது இத்தகைய முறை. பரிவு ஒரு மனநிலை. நீதி ஓர் ஏற்பாடு.

இரண்டாவதாக, தக்கைக்குக் கீழே நிகழ்வதை எவரும் காண்பதில்லை. 1653ஆம் ஆண்டு ஐசாக் வால்ற்றன் தூண்டிற்கலை பற்றி எழுதிய நூல் அதனை அமைதியுடையோரின் பொழுதுபோக்காகப் போற்றுகிறது. பைரன் என்னும் கவிஞரோ தமது 'டொன் யுவான்' காவியத்திலே அதே வால்ற்றனைக் கொடியவர் என்று எள்ளி நகையாடினார். 2003ஆம் ஆண்டு லின் சினெடன் முதலானோர் மேற்கொண்ட ஆய்வு, ஒருவகை மீனின் தலைப்பகுதியிலே ஊறு விளைவிக்கும் தூண்டல்களை உணரும் நரம்பு முனைகள் உள்ளன என்று காட்டிற்று. அது மனிதர் உணரும் வலியை ஒத்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. கொல்லாமைக்கும் புலான்மறுத்தலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர் முன்னே, மீனுண்ணும் நாம் எளிதில் விடைகூறிவிட முடியாது. இங்கு நான் தீர்ப்புக் கூற முயலவில்லை. மனிதருக்குள் அத்துணைப் பரிவு கொண்டவர்கள் கொளுக்கியில் துடிக்கும் உயிரைப் பற்றி எண்ணாதிருப்பதற்குக் காரணம் அவர்களது கொடுமையன்று; பார்வை நீர்மட்டத்தோடு நின்றுவிடுவதே என்பதை மட்டும் சுட்டுகிறேன்.

மூன்றாவது செய்தி நமக்கு மிக அண்மையானது. ஒரே பாறையில் மூவினத்தவரும் இரையைப் பகிர்ந்துகொள்கின்றனர் என்றேன். இதனைக் கண்டு மனம் நெகிழ்ந்து, சாதாரண மக்களிடையே பகையில்லை, எல்லாம் அரசியல்வாதிகள் செய்த வினை என்று முடித்துவிடுவோர் பலர். 1983ஆம் ஆண்டுக்கு முன்னரும் இந்நாட்டிலே அயலவர்கள் ஒருவருக்கொருவர் பலகாரம் அனுப்பியே வாழ்ந்தனர். கலவரத்தின்போது அயலவரைத் தம் வீட்டில் ஒளித்துவைத்துக் காத்தோர் பலர். அவர்களுடைய கண்ணோட்டம் மெய்யானது, வணங்கத்தக்கது. ஆயினும், அது எரிந்த வீதிகளை அணைக்கவில்லை. பின்வந்த போர்க்காலத்தில், 2009ஆம் ஆண்டு வரை, வடக்கிலும் கிழக்கிலும் கடலுக்குச் செல்லும் நேரத்துக்கும் எல்லைக்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. கடலை நம்பி வாழ்ந்தோரின் துயரை, அவர்களைக் காணாத தொலைவிலிருந்தோர் உணரவில்லை. அவர்களுள் எவரும் இயல்பிலே இரக்கமற்றவர் என்று நான் கூறேன். அவர்களும் தம் தம் பாறைகளிலே அயலானுக்கு இரை கொடுப்பவர்களாகவே இருந்திருப்பர். அத்தக்கைகள் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

இதிலிருந்து இருவேறு தவறான முடிபுகளுக்கு வருதல் கூடும். பரிவு பயனற்றது, சட்டமும் அமைப்பும் மாறினாற் போதும் என்பது ஒன்று. உள்ளம் கனிந்தாற் போதும், அமைப்புத் தானே சரியாகிவிடும் என்பது மற்றொன்று. வள்ளுவர் கண்ணோட்டத்தை இல்லறவியலிலே வைக்காது, பொருட்பாலின் அரசியலிலே வைத்தார் என்பது இங்கு சிந்திக்கத்தக்கது. கடமை சிதையாதவாறு கண்ணோட வேண்டும் என்ற வரையறையையும் அவரே வகுத்தார். அரசனாயினும் அமைப்பாயினும், ஆளும் இடத்தில் இருப்பதற்குக் கண் வேண்டும். அந்தக் கண் தனக்குப் பழகியவர்மேல் மட்டும் ஓடி நடுவுநிலை கெடாதிருக்கவும் வேண்டும் என்று இதனை நாம் விரித்துக்கொள்ளலாம்.

பாறையில் நிற்பவன் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே. பிறன் நலத்தைக் கண்முன் கண்டால் மனிதன் பெரும்பாலும் நல்லவனாகவே நடந்துகொள்கிறான். ஆகவே, காணப்படாதவர்களைக் காணச்செய்வது அறத்தின் முதற்பணி. காண இயலாதவர்களுக்கும் உரியது சேரும்படி முறை வகுப்பது அதன் அடுத்த பணி. பல்கலைக்கழகத்திலே கற்பவர்களுக்கு இதிற் சிறப்பான பொறுப்புண்டு. புள்ளிவிபரமாகவும் வரலாறாகவும் இலக்கியமாகவும் நாம் கற்பவையெல்லாம், ஒருவகையில், நம் பார்வைக்கு அப்பாலுள்ள நீரிலே மிதக்கும் தக்கைகள். அவை அமிழும்போது அறியாதிருந்துவிட்டு, அயலறையில் இருப்பவனோடு அன்பாயிருக்கிறோம் என்று நாம் ஆறுதலடைதல் போதாது.