தலைவிதியும் உடல்விதியும்

கிள்ளானிலாயினும் பிரிக்பீல்ட்ஸிலாயினும் இளைஞனொருவன் குடிக்கோ, அடங்காச் சினத்துக்கோ, மனச்சோர்வுக்கோ ஆளானால், “அவன் தலையெழுத்து அப்படி” என்று கூறி விடுகின்றோம். இக்கூற்று அறிவுக்குப் பொருந்துமா? அறத்துக்காவது பொருந்துமா?

அச்சம் தோன்றுங்கால், மூளையின் ஏவலால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்னும் பொருளைச் சுரக்கின்றது. ஆபத்து நீங்கியதும் அது தணிதல் இயற்கை. அடியும் வசையும் நாள்தோறும் நிகழும் வீட்டிலோ, குழந்தையின் உடல் தணியக் கற்பதில்லை. சிலரிடம் அச்சுரப்பு மிகுந்தே நிற்கும்; சிலரிடம் மழுங்கிப்போகும். 1998இல் அமெரிக்காவில் பெலிட்டி, ஆண்டா முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியில், இளமையில் நான்கோ அதற்கு மேலோ வகைத் துன்பங்களுற்றோர்க்குக் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம், துன்பமறியாதாரினும் 4 முதல் 12 மடங்கு மிகுதி எனக் காணப்பட்டது.

“அங்ஙனமாயின், தலைவிதி போய் உடல்விதி வந்தது; அவ்வளவுதானே?” என்பார்க்கு நாம் சொல்லுவது இது: அக்கணக்கு கூட்டத்தைப் பற்றியது; தனியொருவனுக்கு எழுதிய தீர்ப்பன்று. ருமேனியாவில் 2000இல் தொடங்கிய ஆராய்ச்சியில், அநாதை விடுதிக் குழந்தைகளிற் சிலர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். மிக இளமையிற் சேர்ந்தவர்களின் உடல், பின்னாளில் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளின் உடலைப் போன்றே நெருக்கடியை எதிர்கொண்டது. மாற்றத்தக்கதை விதியென்பது எங்ஙனம்?

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு நில்லாமல், கள்ளுக்கடைகளை மூடவும் பிள்ளைகளுக்குத் தக்க கல்வியளிக்கவும் கேட்டனர். அவர்களைத் துப்பாக்கி அடக்கிற்று. கார்டிசாலை அவர்கள் அறியார். ஆயினும் பிள்ளையின் நலம் லயத்தின் நிலையைப் பொறுத்தது என்பதை அக்கோரிக்கைகளே காட்டும். லயங்கள் பல இன்று அடுக்குமாடிகளாகிவிட்டன, கேள்வி மாறவில்லை.

இதனால், மனைவி மக்களை அடிப்பவன் குற்றமற்றவன் ஆகிவிடான். அவன் செயலுக்கு அவனே பொறுப்பு. ஆனால் அவன் குழந்தையாயிருந்து அலறியபோது, “அது அவர்கள் குடும்ப விஷயம்” என்று கதவடைத்தவர் பொறுப்பு எங்கே போயிற்று? காரணத்தை அறிவது மன்னிப்பதற்காக மட்டுமன்று; அடுத்த குழந்தையைக் காப்பதற்காகவுமாம்.

இன்று மலேசியாவில் 15999 என்னும் உதவி எண் இருக்கின்றது. சுவருக்கு அப்பால் அழுகுரல் கேட்கும்போது அதனை அழைப்பவர், தலையெழுத்து என்னும் பொய்யில் ஓரெழுத்தையாவது அழித்தவராவர்.