நேர்காணலுக்கு முந்தின மாலை

ஜூனில் பள்ளி திறந்ததும் பல பள்ளிகளில் எஸ்.பி.எல். எனப்படும் பள்ளி மாணவர் தலைவர் தேர்வு தொடங்கிவிடும். ஓட்டெடுப்போடு, தலைமையாசிரியர் முன் ஒரு நேர்காணலும் சில இடங்களில் உண்டு. உங்கள் மகள் பெயர் கொடுத்திருந்தால், பதில்களை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒப்பிக்கிற பதில் இரண்டாவது கேள்வியிலேயே உதிர்ந்துவிடும்.

பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "போன வருஷம் நீயாக முன்வந்து செய்தது என்ன?" விளையாட்டு விழாவில் தண்ணீர் தீராமல் பார்த்துக்கொண்டது, புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குச் சாப்பாட்டு வேளையில் துணையாக இருந்தது... இதெல்லாம் சொல்லத் தகுந்தது என்றே பிள்ளைகள் நினைப்பதில்லை. கேட்டால்தான் வரும். என்ன சிக்கல், தான் என்ன செய்தாள், பிறகு என்ன ஆனது என்று அவள் பேச்சிலேயே சொல்லிப் பார்க்கட்டும். "நெருங்கிய தோழியே விதியை மீறினால்?" என்றும் நேர்காணலில் கேட்கக்கூடும். அதற்குச் சட்டென்று ஒரு விடை உங்களிடமும் இருக்காது, சேர்ந்து யோசியுங்கள்.

ஆளை ஆராய்ந்து தேர்வதற்கென்றே திருக்குறளில் 51-ஆவது அதிகாரம் இருக்கிறது. அன்று மாலை இருவருமாக அதை வாசிக்கலாம். எதிரே உட்காரப்போகிறவர் எதைத் தேடுவார் என்பது அவளுக்குப் புரியும்.