இரண்டு 'பேய்'கள்

ஹாங்காங்கில் ஒருத்தருடைய பர்ஸ் திருடுபோனால் அவர் கான்டனீஸில் சொல்வது, சொல்லுக்குச் சொல் தமிழில் இப்படி வரும்: "என் பர்ஸ் கொடு ஆள் திருடியாச்சு." யாரும் எதையும் கொடுக்கலையே, இந்தக் 'கொடு' எங்கிருந்து வந்தது?

அந்தச் சொல் 'பேய்'. சிரிக்காதீங்க, உச்சரிப்பு கிட்டத்தட்ட அதுதான். 'கொடு' என்கிற வினை, காலப்போக்கில் 'செய்யவிடு' என்றும் பொருள் தந்தது. ஒருத்தரைச் செய்யவிட்டேன் என்பதற்கும், தடுக்க முடியாமல் அவர் செய்துவிட்டார் என்பதற்கும் நடுவில் மெல்லிய கோடுதான். அதைத் தாண்டியதும் 'பேய்' நம்முடைய 'ஆல்' உருபின் வேலையை எடுத்துக்கொண்டது. 'கத்தி கொண்டு வெட்டினான்' என்பதில் நம்முடைய 'கொள்' தேய்ந்து உருபானதும் இதே மாதிரியான கதைதான்.

மாண்டரினில் வேறொரு 'பேய்' இருக்கிறது. எழுத்தும் தொனியும் வேறு. 'போர்த்து' என்பதில் தொடங்கி, நம்ம 'படு' மாதிரி 'அனுபவி' என்றாகி, செயப்பாட்டு வினைக்கு வந்த சொல் அது. அதில் திருடியவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடிக்கலாம். கான்டனீஸ் பேச்சில் பொதுவாக அது நடக்காது. திருடன் யாரென்று தெரியாவிட்டாலும் 'ஆள்' என்றாவது சொல்லியாகணும். கொடுப்பதென்றால் வாங்க ஒருத்தர் வேணுமே! பொருள் தேய்ந்த பிறகும் பழைய வினை அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

அப்படியானால் செய்தவரைச் சொல்லாமல் விடுவது ஒருவகைப் பொய்யா? கான்டனீஸ்தான் நேர்மையான மொழியா?

அவசரப்பட வேண்டாம். சந்தேகத்துக்குரிய ஒரு மரணத்தை அதிகாரிகள் தற்கொலை என்று அறிவித்தால், சீன இணையவாசிகள் மாண்டரின் 'பேயை' அதோடு ஒட்டினார்கள்: 'தற்கொலை செய்யப்பட்டார்.' இலக்கணப்படி அபத்தம். ஆனால் அந்த அபத்தம்தான் குற்றச்சாட்டு. 2009இல் சீனாவில் அந்த ஆண்டின் எழுத்தாகத் தேர்வானதும் இந்த எழுத்துதான். செய்தவரை மறைக்க வசதி தந்த அதே காலியிடத்தை, பெயர் சொல்ல முடியாதவர்கள் சுட்டுவிரலாக்கிவிட்டார்கள்.

இலக்கணத்துக்கு மனசாட்சி கிடையாது. அது இடம் மட்டும்தான் தரும். அந்த இடத்தை ஏன் காலியாக விடுகிறோம் என்பதற்கு நாம்தான் பதில் சொல்லணும். பயத்தாலா, சாமர்த்தியத்தாலா, உண்மையிலேயே தெரியாததாலா? 'தவறு நிகழ்ந்துவிட்டது' என்று மின்னஞ்சல் தட்டும்போதெல்லாம் எனக்கு அந்தக் கான்டனீஸ் 'ஆள்' ஞாபகம் வருகிறார். பெரும்பாலும் அந்த ஆள் நான்தான்.