கலாசாலை மதிலும் புகையும்

சென்ற மாதம் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தாருக்கு, அவர்கள் மகன் படிக்கும் சர்வகலாசாலையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. விடுதி அறையில் பையனிடம் மின் சிகரெட்டு ஒன்று அகப்பட்டதென்றும், விதிகளின்படி பதினைந்து நாள் அவன் வகுப்புக்கு வரக்கூடாதென்றும், தகப்பனார் நேரில் வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. தகப்பனாருக்கு மின் சிகரெட்டு என்றால் என்னவென்றே தெரியாது. கடிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்தார். பற்றவைக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பையன் வீடு வந்தபின் நடந்த பேச்சுத்தான் என்னை எழுத வைத்தது. தகப்பன் வைதார், தாய் அழுதாள். எல்லாம் ஓய்ந்தபின் பையன் நிதானமாகக் கேட்டானாம்: "எனக்கு வயது இருபது. ஓட்டுப் போடுகிறேன். கடையில் போய்ச் சிகரெட்டு வாங்கினால் சட்டம் என்னைத் தடுக்காது. நீங்கள் முப்பது வருஷமாகப் புகைக்கிறீர்கள். உங்களை யாரும் பதினைந்து நாள் வேலைக்கு வராதே என்று சொல்லவில்லை. என் உடம்பை நான் என்ன செய்தால் காலேஜுக்கு என்ன அப்பா?"

தகப்பனாருக்குப் பதில் வரவில்லை, கோபம் வந்தது. கோபம் பதிலாகாது. கேட்டவன் துடுக்கானவன் என்பதற்காகக் கேள்வியும் துடுக்கென்று தள்ளிவிட முடியுமா? வயது வந்த ஒருவனை ஒரு கலாசாலை எந்த நியாயத்தைக் கொண்டு கட்டுப்படுத்துகிறது? பிள்ளைகளைத் தூரத்து ஊர்களில் படிக்க வைத்திருக்கும் நாமெல்லாரும் யோசிக்கவேண்டிய விஷயம் இது.

எளிதான பங்கை முதலில் தீர்த்துவிடுவோம். சிகரெட்டு, பீடி, சுருட்டு இவற்றைப் பொறுத்தமட்டில் "என் உடம்பு" என்ற வாதம் நிற்காது. புகைக்கு மதில் தெரியாது. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 லட்சம் பேருக்கு மேல் மடிகிறார்கள். அவர்களில் 10 லட்சம் பேருக்கு மேல் தாங்கள் ஒருபோதும் புகைக்காதவர்கள், பக்கத்திலிருந்தவர்கள். பிறர் விட்ட புகையைச் சுவாசிக்கும்படி ஒருவரை வைப்பது அவருடைய உயிர் வாழும் உரிமையையே தொடுகிறதென்று கேரள உயர் நீதிமன்றம் 1999-ல் தீர்ப்புச் சொல்லிற்று. பின்னால் 2003-ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் அதன் விதிகள் இறுக்கப்பட்டன. கல்வி நிலையங்களும் நூல்நிலையங்களும் பொது இடங்களே. அங்கே புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்கவும் கூடாது. இதில் வாதாட ஒன்றுமில்லை.

ஆனால் பையனிடம் அகப்பட்டது சிகரெட்டு அல்ல, இங்கேதான் சிக்கல். மின் சிகரெட்டில் நெருப்பில்லை, இலையில்லை. பென் டிரைவ் அளவு ஒரு கருவி. உள்ளே சிறு பாட்டரியும் ஒரு சுருள் கம்பியும். கிளிசரின் போன்ற திரவத்தில் நிக்கோட்டினையும் வாசனைச் சரக்கையும் கலந்து வைத்திருக்கிறார்கள். கம்பி சூடேறினால் திரவம் ஆவியாகிறது, அதை இழுக்கிறார்கள். தாரும் கரியும் உண்டாகாததால் சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவென்று வைத்தியர் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். இங்கிலாந்தில் 2023-ல் அரசாங்கமே, சிகரெட்டை விட முயலும் பத்து லட்சம் பேருக்கு இக்கருவியைக் கொடுப்பதாக அறிவித்தது. நம் நாட்டிலோ 2019-ல் அதைத் தயாரிப்பதும் விற்பதும் இறக்குமதி செய்வதும் சேமித்து வைப்பதும் குற்றமாக்கப்பட்டன. ஆகவே "பக்கத்திலிருப்பவன் நுரையீரல் கெடுகிறது" என்று சிகரெட்டுக்குச் சொன்ன அதே பலத்தோடு இதற்குச் சொல்ல முடியாது. நியாயமாகப் பேசவேண்டுமென்றால் இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போகவேண்டும்.

அப்படியானால் "உன் நன்மைக்காகத்தான்" என்று கலாசாலை சொல்லலாமா? எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அந்த வார்த்தையைக் கையில் எடுத்தவர்கள் எங்கே நிறுத்துவார்கள்? காண்டீன் பரோட்டாவும் உடம்புக்கு நல்லதல்ல. இராக் கண்விழித்துக் கைப்பேசி பார்ப்பதும் நல்லதல்ல. இருபது வயதுக்காரனின் தவறுகளில் சிலவற்றை அவனுக்கே விட்டுவைக்கவேண்டும். அவற்றையும் பிடுங்கிக்கொண்டால் அவன் எந்நாளும் மனிதனாகமாட்டான்.

ஆனால் பரோட்டாவுக்கும் நிக்கோட்டினுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பரோட்டா உடம்பைக் கெடுக்கலாம். "வேண்டாம்" என்று சொல்லும் சக்தியைக் கெடுப்பதில்லை. நிக்கோட்டினோ இழுத்த சில விநாடிகளில் மூளையைப் போய்ச் சேர்ந்து, மறுபடியும் மறுபடியும் தன்னைக் கேட்க வைக்கிறது. இருபத்தைந்து வயதுவரை வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் அந்தப் பிடி இன்னும் பலமாக விழுகிறது. "நான் விரும்பிச் செய்கிறேன்" என்று முதல் நாள் சொல்லலாம். நூறாவது நாள் விரும்புகிறவன் யார்? இன்றைய மின் சிகரெட்டை 2003-ல் உருவாக்கிய சீன மருந்தாளுநர் ஹான் லிக் என்பவர், புகைப்பழக்கமுள்ள தன் தகப்பனைச் சுவாசப்பைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், தானும் புகைப்பவர், விடுதலை பெறவே இதைச் செய்தார். பின்னாளில் கேட்டபோது, தாம் இன்னும் இடையிடையே சிகரெட்டும் பிடிப்பதாக அவரே ஒப்புக்கொண்டார். நான் அவரைப் பரிகசிக்கவில்லை. இத்தனை காரணமும் இத்தனை திறமையும் உள்ள மனிதரையே விடாத பழக்கம், மாம்பழ வாசனையும் புதினா வாசனையும் பூசிக்கொண்டு விடுதி அறைக்குள் வருகிறது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

விடுதி அறை என்பது தனி வீடும் அல்ல. ஒரே அறையில் மூன்றாம் வருஷத்துப் பையனும், ஊரை விட்டு முதன்முதலாக வந்த பதினேழு வயதுப் பிள்ளையும் படுத்திருக்கிறார்கள். பெரியவன் கையில் இருப்பது சின்னவன் கைக்கு வர எத்தனை நாளாகும்? துர்மாதிரிகை என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான். பிறனுக்குத் தீங்கு மூக்கு வழியாக மட்டும் நுழைவதில்லை. கண் வழியாகவும் நுழைகிறது. சுயபுத்தியை வளர்ப்பதற்கென்றே ஏற்பட்ட ஓர் இடம், அந்தப் புத்தியை அடகு வாங்கும் சரக்கைத் தன் வாசலுக்குள் விடமாட்டேன் என்று சொல்வதற்கு அதிகாரம் உடையதே. பையனின் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

ஆனால் அதிகாரம் உண்டென்பது வேறு, அதை நடத்தும் விதம் வேறு. இதில் திருச்சபையின் சரித்திரத்திலேயே ஒரு பழைய பாடம் கிடக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் மூக்குப்பொடி ஐரோப்பாவில் பரவியபோது பூசை வேளையிலேயே ஜனங்களும் குருக்களும் பொடி போட ஆரம்பித்தார்கள். 1642-ல் 8-ம் உர்பன் பாப்பரசர், செவீல் மேற்றிராசனத்துக் கோயில்களில் புகையிலையைத் தொடுவோருக்குச் சபைநீக்கம் என்று கட்டளையிட்டார். 1650-ல் 10-ம் இன்னொசெந்து பாப்பரசர் அர்ச். இராயப்பர் தேவாலயத்திலும் அதைத் தடுத்தார். நடந்ததென்ன? பொடி போடுகிறவர்கள் பூசை நடுவில் எழுந்து எழுந்து வெளியே போய் வரலானார்கள். கடைசியில் 1725-ல் 13-ம் ஆசீர்வாதப்பர் அந்தத் தடையை எடுத்துவிட்டார். தேவாலயத்தின் மரியாதையைக் காக்க வந்த விதி தேவாலயத்தையே காலியாக்கிக்கொண்டிருந்தது!

இன்று பல கலாசாலைகளின் வாசலில் நின்று பாருங்கள். உள்ளே "புகைத்தல் கூடாது" என்ற பலகை. வெளியே, நூறு கஜக் கணக்கெல்லாம் காற்றில் விட்டு, டீக்கடையில் ஒற்றைச் சிகரெட்டு விற்பனை. இடைவேளையில் மாணாக்கர் கூட்டம். அவர்களோடு, சொல்ல வெட்கமாயிருக்கிறது, சில ஆசிரியர்களும். காவற்காரர் உள்ளே அபராதம் எழுதிவிட்டு அதே கடையில் பீடி பற்றவைக்கிறார். விதி காப்பாற்றியது எதை? கலாசாலையின் முகத்தை. பையனை அல்ல.

பதினைந்து நாள் வெளியே நிறுத்துவதிலும் எனக்குச் சம்மதமில்லை. அந்தப் பதினைந்து நாளும் அவனுக்குப் பாடம் போயிற்று, பழக்கம் போகவில்லை. 2019-ம் வருஷத்துச் சட்டத்தைக் கவனியுங்கள்: விற்கிறவனுக்கு முதல் தடவையே ஓராண்டு வரை சிறை, அல்லது லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இழுக்கிறவனுக்கென்று தனித் தண்டனை எதையும் அது சொல்லவில்லை. சட்டம் வியாபாரியைப் பார்க்கிறது. கலாசாலையோ வியாபாரியைத் தேடாமல், அகப்பட்ட பிள்ளையின்மேல் முழுப் பாரத்தையும் வைக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலை 2014-ல் தன் வளாகங்கள் அனைத்திலும் புகையிலையையும் மின் சிகரெட்டையும் சேர்த்தே விலக்கியது. அங்கேயும் தண்டனையைவிட எடுத்துச் சொல்வதற்கும், விட விரும்புகிறவனுக்கு உதவி செய்வதற்கும்தான் முதலிடம் கொடுத்தார்கள். நம் நாட்டிலும் உதவி இல்லாமலில்லை: 1800-11-2356 என்ற அரசாங்கத் தொலைபேசி எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். அந்தக் கடிதத்தில் தகப்பனார் வரவேண்டிய தேதியும் கையெழுத்திடவேண்டிய இடமும் இருந்தன. இந்த எண் இல்லை.

பிறகு வீடு. இலண்டனில் ரிச்சர்ட் டால் என்ற வைத்தியர், சுவாசப்பைப் புற்றுநோயின் காரணத்தை ஆராயப் புகுந்தபோது தாமே புகைப்பவராயிருந்தார். ஆராய்ச்சி 1950-ல் அச்சாவதற்கு முன்பே, கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறதென்று கண்டு, தம் சிகரெட்டை விட்டுவிட்டார். பிறருக்குச் சொல்லப்போகும் ஒன்றைத் தன்மேல் முதலில் போட்டுப் பார்த்தார். அந்த நேர்மை நம் வீடுகளில் எத்தனை தகப்பன்மாருக்கு உண்டு? மகனிடம் வேப் கருவியைக் கண்டு பதறுகிற நாம், அவனைச் சிறுவயதில் கடைக்கனுப்பிச் சிகரெட்டு வாங்கி வரச் சொன்னதை மறந்துபோகிறோம்.

இதை அந்தத் தகப்பனாரிடமும் சொன்னேன். முதலில் முகம் சிவந்தது. பிறகு, "பையனுக்கு ஒரு பதில் சொல்லவேண்டுமே" என்றார். "உங்களுக்கும் எனக்கும் ஒரே நாளில் ஆரம்பிப்போம் என்று சொல்லிப் பாருங்கள்" என்றேன். சொன்னாரா இல்லையா தெரியாது.

பையன் கலாசாலைக்குத் திரும்பிவிட்டான். போன ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில், தெருமுனைக் கடையருகே தகப்பனாரைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் வலது கையை முதுகுப்பக்கம் கொண்டுபோனார். "தம்பி போன் பண்ணினான், ஒன்பது நாள் ஆச்சாம்" என்றார். "உங்களுக்கு?" என்று நான் கேட்கவில்லை. அவரே, "எனக்கு நேற்றோடு இரண்டுதான்" என்று சொல்லிவிட்டு, அந்தக் கையை முன்னே எடுக்காமலே வீட்டுப் பக்கம் நடந்தார்.